சாடிக்குள் கிடந்த ஈயம்

2024 மார்ச் 3, ஞாயிற்றுக்கிழமை. உயிர்ப்புப் பெருநாளுக்கு முந்திய நோன்பு நாட்களான தபசுகாலத்தின் மூன்றாம் ஞாயிறு. ஐந்தரைக்கு எழுந்தேன். குழாயில் தண்ணீர் வரும் நேரம் என்பதால் முதலில் குடங்களை நிரப்பி வைத்து, பிறகு முற்றம் கூட்டினேன். ஆறரைப் பூசைக்குப் போய்த் திரும்பும் வழியில் பாண் வாங்கினேன். கந்தோருக்கு உடுக்கும் சேலைகளைத் தோய்த்துக் கொடியில் போட்ட பிறகுதான் ஞாயிற்றுக்கிழமைகளில் தேத்தண்ணி குடிப்பேன். அன்றும் அப்படியே. பத்து மணிக்குப் பச்சையரிசிக் கஞ்சி வைத்து, ஆற விட்டு, மூடியுள்ள ஏனத்தில் ஊற்றினேன். பன்னிரண்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் நோயாளரைப் பார்க்க விடுவார்கள்.

கஞ்சி என் தம்பியின் மகளுக்கு. ஆறு வயது. குருநகரில் என் வீட்டுக்கும் தம்பி வீட்டுக்கும் நடுவே ஒரு தகர வேலிதான் இருக்கிறது. அவன் கடற்தொழில் செய்கிறான். நான் தபாற்கந்தோரில் வேலை செய்கிறேன். அவனுடைய மனைவியை நான் மச்சாள் என்பேன். அவளும் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். இந்தப் பக்கங்களில் நான் எழுத விரும்புவது அவளைப் பற்றித்தான்.

மார்கழியில் நத்தார்ப் பண்டிகைக்குப் பிறகு பிள்ளை வெளிறத் தொடங்கினாள். வயிறு நோகிறது என்றாள். வகுப்பில் மேசையில் தலை வைத்துத் தூங்குகிறாள் என்று ரீச்சர் சொல்லி அனுப்பினார். அடிக்கடி தண்ணீர் கேட்டாள், அடிக்கடி சிறுநீர் கழிக்கப் போனாள். வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்தோம். இரும்புச் சத்துப் பாணி கொடுத்தோம். மாசி நடுவில் தனியார் இடமொன்றில் சிறுநீரைப் பரிசோதித்தபோது அதில் சீனி இருக்கிறது என்றார்கள். சலரோகம் என்றே எல்லோரும் நினைத்தோம். ஆறு வயதில் ஊசி போட வேண்டி வந்துவிட்டதே என்று தம்பி படகடியில் உட்கார்ந்து அழுததாக அவனுடைய கூட்டாளி வந்து சொன்னான்.

பெரியாஸ்பத்திரியில் பார்த்தபோது இரத்தத்தில் சீனி சரியான அளவில் இருந்தது. சிறுநீரில் மட்டும் இருந்தது. எங்கேயோ பிழைவிட்டிருப்பார்கள் என்று சொல்லி அனுப்பிவிட எவருக்கும் தோன்றியிருக்கும். பிள்ளைகளைப் பார்க்கும் அந்த டொக்டர் அப்படிச் செய்யவில்லை. நாற்பது வயது மதிக்கத்தக்க பெண். கட்டிலில் இருந்த பிள்ளையின் கண்ணிமையை இறக்கிப் பார்த்தார், வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், பிறகு மச்சாளிடம் கேட்டார்.

"தகப்பனுக்கு என்ன வேலை?"

"கடல், டொக்டர்."

"வலைக்கு ஈயம் உருக்கிறவரோ?"

அந்தக் கேள்வி ஏன் வந்தது என்று அன்று எங்களுக்கு விளங்கவில்லை. இரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார். வெள்ளிக்கிழமை பின்னேரம் முடிவு வந்தது. பிள்ளையின் இரத்தத்தில் ஈயம் இருந்தது, அதுவும் இருக்கவே கூடாத அளவில். அன்றே பிள்ளையை ஆஸ்பத்திரியில் வைத்து மருந்து தொடங்கினார்கள். ஆனால் ஈயம் எங்கிருந்து வந்தது என்பது ஒருவருக்கும் தெரியவில்லை. தம்பி வலைக் குண்டுகளுக்கு ஈயம் உருக்குவது கரையில் வலை வைக்கும் வாடியில். வீட்டில் ஒருநாளும் உருக்கியதில்லை. உடுப்பு மாற்றி, கை கால் கழுவித்தான் வீட்டுக்குள் வருவான். சுவருக்குப் பூசியது சுண்ணாம்பு. பழைய பற்றரி எதுவும் வளவுக்குள் இல்லை.

ஞாயிறு பன்னிரண்டு மணிக்கு நானும் மச்சாளும் போனபோது டொக்டர் வாட்டில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை அவர் வரவேண்டியதில்லை என்று தாதி ஒருவர் மெல்லச் சொன்னார். டொக்டர் மச்சாளை வாங்கில் இருத்தித் தானும் பக்கத்தில் இருந்தார்.

"அம்மா, சிறுநீரகம் ரத்தத்தை வடிக்கிறது மட்டுமில்லை. வடிச்சதுக்குள்ளை உடம்புக்குத் தேவையான சீனி, உப்புச் சத்து எல்லாத்தையும் திருப்பி எடுக்கிற சின்னச் சின்னக் குழாயள் அதுக்குள்ளை இருக்கு. ஈயம் போய் அந்தக் குழாயளைப் பழுதாக்கியிருக்கு. அதுதான் சீனி ஒழுகுது."

"மாறுமோ டொக்டர்?"

"இனி உள்ளை போகாட்டி மாறும். உள்ளை இருக்கிறதை மருந்து வெளியிலை எடுக்கும். ஆனா வீட்டை போய்த் திரும்பவும் அதையே சாப்பிட்டா நான் என்ன செய்யிறது? கன வருசம் இப்பிடியே போனா சிறுநீரகம் சுருங்கிப் போகும். அது நோகவும் நோகாது, தெரியவும் தெரியாது."

"நாங்கள் எல்லாரும் ஒரே சாப்பாடுதான் டொக்டர். எங்களுக்கு ஒண்டுமில்லையே."

"பெரியாக்கள் விழுங்கிற ஈயத்திலை கொஞ்சந்தான் உடம்பிலை தங்கும். சின்னப் பிள்ளையளுக்குக் கனக்கத் தங்கும். நீங்கள் கொஞ்சமாத் திண்டு அவள் கூடத் திண்ணிறது என்ன எண்டு பாருங்கோ. வாயாலை போற சாமான்தான். அதைக் கண்டுபிடியாமல் நான் பிள்ளையை வீட்டை விடமாட்டன்."

மச்சாள் தலையாட்டினாள். பிள்ளைக்குக் கஞ்சி பருக்கினாள். பிள்ளை நான்கு வாய் குடித்துவிட்டு, "ஊறுகாய்த் தண்ணி இல்லையோ மாமி?" என்று என்னைக் கேட்டாள். ஆஸ்பத்திரிக்குள் அதெல்லாம் கொண்டுவர விடமாட்டார்கள் என்றேன். நான் கவனிக்கவில்லை. மச்சாள் கவனித்திருக்கிறாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

அவளுடைய தங்கையைப் பிள்ளையோடு விட்டுவிட்டு நாங்கள் வீட்டுக்கு வந்தோம். மச்சாள் சாப்பிடவில்லை. முற்றத்தில் பெரிய பாயை விரித்து, குசினியில் இருந்த அத்தனையையும் அதில் கொண்டுவந்து வைத்தாள். டின், போத்தல், சட்டி, தாச்சி, அகப்பை, மிளகாய்த்தூள், மஞ்சள்தூள் எல்லாம் வந்தன. வலப்பக்கம் எல்லோரும் சமமாகச் சாப்பிடுவது. இடப்பக்கம் பிள்ளை அதிகமாகச் சாப்பிடுவது. ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, ஒரு கணம் யோசித்து, ஒரு பக்கத்தில் வைத்தாள். ஒழுங்கில் எனக்கு விருப்பம் உண்டு, ஆனால் அன்று அவள் செய்ததை நான் செய்திருப்பேனா என்று தெரியாது. நடுக்கமோ புலம்பலோ இல்லை. கடைசியில் இடப்பக்கத்தில் மூன்று சாமான்கள்தான் மிஞ்சின: பால்மா, விசுக்கோத்து டின், தேசிக்காய் ஊறுகாய்ச் சாடி.

அந்தச் சாடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஒழுங்கையில், அந்தக் குறுகிய தெரு முழுக்க, மச்சாளின் ஊறுகாய்க்கு ஒரு பெயர் இருந்தது. மற்ற வீடுகளின் எலுமிச்சை ஊறுகாய் உறைக்கும், கசக்கும். அவளுடையதில் புளிப்புக்குப் பின்னால் மெல்லிய ஒரு இனிப்பு நிற்கும். சீனி போடுகிறாயா என்று கேட்காதவர்கள் இல்லை. போடுவதில்லை என்று சிரிப்பாள். பெருநாளுக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் ஜாம் போத்தல்களில் நிரப்பி வீடு வீடாகக் கொடுப்பாள். தபசுகாலத்தில் இறைச்சி இல்லாத நாட்களில் கஞ்சியும் அந்த ஊறுகாயுமே பாதி ஒழுங்கைக்குச் சாப்பாடு. பிள்ளைக்கு ஊறுகாய்த் துண்டு வேண்டாம், அதன் தண்ணீர்தான் வேண்டும். கஞ்சியில் ஊற்றுவாள், சோற்றில் ஊற்றுவாள், யாரும் பார்க்காத நேரம் கரண்டியோடு நக்குவாள்.

உப்பும் புளியும் ஊறும்போது தேசிக்காய் மேலே மிதக்கும். மிதந்தால் பூஞ்சணம் பிடிக்கும். அமர்த்தி வைக்கக் கல் வைக்கலாம். ஆனால் எங்கள் ஊரில் கிடைப்பதெல்லாம் சுண்ணாம்புக்கல். தேசிப்புளிக்குள் போட்டால் நுரைத்துக் கரைந்துவிடும், ஊறுகாய் சப்பென்று போகும். கலியாணம் செய்து வந்த முதல் வருடம் மச்சாளுக்கு அப்படி ஒரு சாடி பழுதாய்ப் போயிற்று. அடுத்த முறை அவள் தம்பியின் பழைய வலையிலிருந்து ஈயக்குண்டுகளை அறுத்தெடுத்து, சுடுதண்ணீரில் அவித்து, நைலோன் நூலில் வளையமாகக் கோத்துச் சாடிக்குள் வைத்தாள். நல்ல பாரம். கரையாது, நுரைக்காது, துருப்பிடிக்காது. கடற்தொழில் செய்யும் வீட்டில் அதைவிடக் கைக்கு எட்டும் பாரம் வேறு எது? கெட்டிக்காரி என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

பாய்க்குப் பக்கத்தில் பேசினை வைத்து அவள் சாடியைக் கவிழ்த்தாள். தேசிக்காய்களோடு அந்த வளையமும் விழுந்தது. கழுவித் துடைத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, புதுக் குண்டு ஒண்டு கொண்டு வாங்கோ."

தம்பி வாடிக்குப் போய் ஒரு குண்டை எடுத்துவந்தான். அவன் வலைக்கு எப்போதும் ஒரே அச்சில்தான் வார்ப்பான். இரண்டையும் அவள் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். புதியது பெருவிரல் முனையளவு, வழுவழுப்பாக இருந்தது. சாடிக்குள் கிடந்தது மெலிந்து, வெள்ளை படிந்து, எறும்பு அரித்ததுபோலக் குழிகுழியாக இருந்தது.

"உந்தக் குறைஞ்சது எங்கை போனது?" என்றாள்.

எங்கே போனதென்று மூவருக்கும் தெரிந்திருந்தது. அந்த இனிப்பு எதனுடையது என்பதையும் டொக்டர் பிறகு சொன்னார். ஈயம் புளியில் கரைந்தால் இனிக்குமாம்.

ஐந்து மணிக்கு மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஒரு போத்தலில் ஊறுகாய்த் தண்ணீர், கடதாசியில் சுற்றிய இரண்டு குண்டுகள். டொக்டர் போய்விட்டிருந்தார். வாட்டில் நின்ற இளம் டொக்டர் குண்டுகளைக் கண்டதும் வேறெதுவும் கேட்காமல் தொலைபேசியில் அவரைக் கூப்பிட்டு மச்சாளின் கையில் கொடுத்தார். அவள் பேசியது மட்டும்தான் எனக்குக் கேட்டது.

"ஓம் டொக்டர், சாடிக்குள்ளைதான்… ஆறேழு வருசமா… ஓம், ஒவ்வொரு முறையும் அதே ஈயந்தான்… இல்லை டொக்டர், வீட்டிலை மட்டுமில்லை. அயலுக்கெல்லாம் குடுத்தனான்… ஓம், சின்னப் பிள்ளையள் இருக்கினம்… நாளைக்கோ? எல்லாரையுமோ?… சாப்பாடு குடுக்கலாமோ?… சரி டொக்டர். கூட்டிக்கொண்டு வாறன்."

தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்தபோது அவளுடைய முகத்தில் முதலில் தெரிந்தது ஆறுதல். தன் பிள்ளைக்கு நஞ்சு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டது. அது நின்றும்விட்டது. பிறகு அந்த ஆறுதல் மெல்லப் போனது. ஒழுங்கையின் பிள்ளைகள் ஒவ்வொருவராக அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரி வாசலில் தம்பி அவளை மறித்தான். கெட்ட எண்ணத்தில் அல்ல. அவளை எண்ணித்தான்.

"ஊறுகாய் பழுதாப் போச்செண்டு சொல்லிப் போத்தலுகளைத் திருப்பி வாங்குவம். ஈயக் கதையை எடுக்காதை. ஒழுங்கையிலை உன்னை இருக்க விடமாட்டினம்."

"பழுதெண்டு சொன்னா என்ன செய்வினம்?"

"வெளியிலை கொட்டிப்போட்டு விடுவினம்."

"விட்டுப்போட்டு?"

"விட்டுப்போட்டென்ன, அவ்வளவுதான்."

"அதுதான் சொல்லுறன். கொட்டிப்போட்டு இருந்திடுவினம். பிள்ளையளைக் கொண்டுபோய் ரத்தம் பாக்கமாட்டினம். ஏற்கெனவே உள்ளை போனது உள்ளையே கிடக்கும்." அவள் ஓட்டோவில் ஏறி இருந்துகொண்டு சொன்னாள். "என்னை என்னெண்டாலும் சொல்லட்டும். வாங்கோ மச்சாள்."

தம்பி என்னைப் பார்த்தான். நான் ஏறிப் பக்கத்தில் இருந்தேன். இதைவிட எளிமையாக ஒருவர் ஒரு கடினமான விஷயத்தைத் தீர்மானித்ததை நான் கண்டதில்லை. தன் பெயர் ஒரு பக்கம், அயலாரின் பிள்ளைகளின் சிறுநீரகம் மற்றப் பக்கம். பாயில் சாமான் பிரித்தது போலவே பிரித்துவிட்டாள்.

முதல் வீடு சம்மாட்டியாருடையது. மூன்று படகின் சொந்தக்காரர், எழுபது வயது, எதையும் பகிடியாக எடுப்பவர். கதிரையில் சாய்ந்தபடி மச்சாள் சொன்னதைக் கேட்டார்.

"பிள்ளை, நாப்பது வருசமாச் சாராயத்தாலை அழியாத சிறுநீரகம் உன்ரை ஊறுகாயாலையோ அழியப் போகுது? சின்னனிலை தூண்டிலுக்கு ஈயத்தைப் பல்லாலை கடிச்சு இறுக்கினவன் நான்."

"அதுதான் உந்த மனுசன் இப்பிடிக் கதைக்குது போலை," என்றார் அவருடைய மனைவி உள்ளேயிருந்து.

"மாமா, உங்கடை சிறுநீரகத்துக்கு நான் வரேல்லை. பேரப்பிள்ளையள் ரண்டையும் நாளைக்கு அனுப்புங்கோ."

கதிரை நிமிர்ந்தது. "சாடிக்குள்ளையோ வைச்சனீ? புளிக்குள்ளையோ?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். ஓம் என்றாள். அவர் மனைவியைக் கூப்பிட்டுப் போத்தலைக் கொண்டுவரச் சொன்னார். "ஓட்டோக் காசு நான் குடுக்கிறன். எத்தினை ஓட்டோ வேணுமெண்டாலும் பிடி."

எல்லா வீட்டிலும் அப்படி இருக்கவில்லை. ஒரு வீட்டில், இவ்வளவு காலமும் தாங்கள் மெச்சியதை எண்ணி மச்சாள் உள்ளுக்குள் சிரித்திருப்பாள் என்று ஒருத்தி எங்களுக்குக் கேட்கும்படி சொன்னாள். இன்னொரு வீட்டில் ஊறுகாய் தின்ற கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினார்கள். மச்சாள் எங்கும் நியாயம் சொல்லவில்லை, தெரியாமல் செய்தேன் என்றுகூடச் சொல்லவில்லை. ஒவ்வொரு வாசலிலும் அதே சொற்கள்: ஊறுகாய்க்குள் ஈயம் வைத்தேன், அது கரைந்திருக்கிறது, என் பிள்ளையின் சிறுநீரகத்தைப் பிடித்திருக்கிறது, உங்கள் பிள்ளைக்கும் பார்க்க வேண்டும், நேரத்தோடு கண்டால் மாற்றலாம்.

அவள் அதிகம் பயந்தது ஒழுங்கை முடிவில் உள்ள வீட்டை எண்ணித்தான். அங்கே இரண்டு வயதுப் பெண்பிள்ளை ஒன்று. சாப்பிட மறுக்கிறாள் என்று தாய் கவலைப்பட்டபோது, ஊறுகாய்த் தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வை, பசி எடுக்கும் என்று சொன்னவள் மச்சாளே. அதுபோல அந்தத் தாய் நாள்தோறும் செய்துவந்தாள்.

கேட்டு முடித்ததும் அந்தப் பெண் பிள்ளையை இடுப்பில் இறுக்கிக்கொண்டாள்.

"நீங்கள்தானே அக்கா நக்கக் குடு எண்டனீங்கள்."

"ஓம்."

"நஞ்சைக் குடுக்கச் சொல்லிப்போட்டு இப்ப வாசல்லை வந்து நிக்கிறியள்."

"ஓம். நான்தான் சொன்னனான். நாளைக்கு எட்டு மணிக்கு எங்கடை வீட்டடியிலை ஓட்டோ நிக்கும். பிள்ளைக்கு ரத்தம் பாக்கவேணும்."

"இனி உங்கடை வாயாலை என்ரை பிள்ளைக்கு ஒண்டும் சொல்லவேண்டாம்."

கதவு மூடியது. மச்சாள் போகவில்லை. மூடிய கதவின் முன்னே நின்று, குரலைச் சற்று உயர்த்தி, எட்டு மணி என்றும், பிள்ளைக்குச் சாப்பாடு கொடுத்துக் கூட்டிவரலாம் என்றும், பெரிய டொக்டர் தானே வந்து பார்ப்பார் என்றும் சொன்னாள். உள்ளே பிள்ளை அழுதது.

"கேட்டிருக்கும்," என்றாள் என்னிடம். அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

இங்கே கொஞ்சம் முன்னே போய்ச் சொல்லிவிடுகிறேன், படிப்பவர்கள் பிள்ளையை எண்ணிக் கவலைப்பட்டிருப்பார்கள். தம்பி மகள் வைகாசியில் பள்ளிக்கூடம் திரும்பினாள். மருந்து பல சுற்று. சிறுநீரில் சீனி குறைந்து குறைந்து நின்றது. சிறுநீரகம் தன் வேலையைத் திரும்பச் செய்யத் தொடங்கிவிட்டது என்று டொக்டர் சொன்ன நாளில் மச்சாள் கோயிலுக்குப் போய் ஒரு மணித்தியாலம் முழந்தாளில் இருந்தாள். இன்னும் கிளினிக்குக்குப் போகிறார்கள். இன்னும் சில வருடங்கள் போக வேண்டும். ஒழுங்கையின் மற்றப் பிள்ளைகளிலும் சிலருக்கு ஈயம் இருந்தது. அவர்களுடைய சிறுநீரகம் பழுதாகும் முன்பே கண்டுகொண்டார்கள். அவள் சொல்லாதிருந்தால் கண்டிருக்க மாட்டார்கள் என்று டொக்டர் எங்கள் எல்லோர் முன்னிலையிலும் சொன்னார்.

ஆனால் அந்த ஞாயிறு மாலை இவை எதுவும் எங்களுக்குத் தெரியாது. பெற்றுவந்த போத்தல்களையெல்லாம் தம்பி சாக்கில் கட்டி, பிள்ளைகள் எட்டாத இடத்தில் வைத்தான். மச்சாள் பாயில் கிடந்த சாமான்களைத் திரும்பக் குசினிக்குள் அடுக்கினாள். நாளைக்கு ஒருவரும் வராவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டேன். "திரும்பவும் வீடு வீடாப் போவன்," என்றாள். அவளுடைய தங்கையை வீட்டுக்கு அனுப்பிவிட்டு இரவு நான் பிள்ளையோடு வாட்டில் தங்குவதாகச் சொன்னேன். அதற்கு அவள், "இல்லை மச்சாள், நாளைக்கு நீங்கள் என்னோடை இருங்கோ," என்றாள். என்னிடம் அவள் கேட்ட ஒரே உதவி அது.

திங்கட்கிழமை விடியவே நான் அவள் வீட்டுக்குப் போனேன். கந்தோருக்கு லீவு சொல்லியிருந்தேன். மச்சாள் தலை சீவி, சேலை உடுத்து, தூங்காத கண்களோடு குசினி வாசலில் நின்றாள். படலை திறந்தது. ஒழுங்கை முடிவு வீட்டுப் பெண், பிள்ளையைத் தோளில் போட்டபடி வந்து முற்றத்தில் நின்றாள். எட்டு மணிக்கு இன்னும் நேரம் இருந்தது. மச்சாளைப் பாராமல் என்னைப் பார்த்தே பேசினாள்.

"இரவு முழுக்க நித்திரை இல்லை. அதுதான் நேரத்தோடை வந்தனான்."

"இருங்கோ பிள்ளை," என்றேன்.

இருக்கவில்லை. பிள்ளை சிணுங்கியது. தட்டிக்கொடுத்தாள். பிறகு அவள் குசினிப் பக்கம் திரும்பினாள். குரலில் கோபம் அப்படியேதான் இருந்தது.

"இவள் வெறும் வயித்தோடை வந்திருக்கிறாள் அக்கா. தேத்தண்ணி இருக்கோ?"

மச்சாள் வாசலிலிருந்து ஒரு அடி முன்னே வந்தாள்.

"பால் போடட்டோ?"

"போடுங்கோ. தேயிலைச் சாயம் மட்டாப் போடுங்கோ."

மச்சாள் கேத்தலை முற்றத்துக்குக் கொண்டுவந்து, அந்தப் பெண் பார்த்திருக்க உள்ளும் புறமும் கழுவி, தண்ணீர் நிரப்பி அடுப்பில் வைத்தாள்.